பெலிகன் ஓடையும் ரெண்டு கடிகாரமும்

“புள்ளைய வெச்சுத் தள்ற பிராமைத் தலையில வெச்சுக்கிட்டு மலை ஏறுவியா நீ? ஏறு. நான் கீழ நின்னு கை தட்டறேன்.”

ரொவீனா இப்படிச் சொல்லிக்கிட்டு இருக்கறப்பதான் நான் உள்ள நுழையறேன். கையில அவங்க வீட்டு சாலட் கிண்ணம். குடுத்துட்டு ஓடி வந்துரலாம்னுதான் போனேன், சத்தியமா. கீழ் ஃபிளாட்ல குடியிருந்தா இதான் கஷ்டம். மேல நடக்கற சண்டை பாதி காதுல விழுந்துரும், மீதியத் தெரிஞ்சுக்காம இருக்க முடியாது.

“இந்தா, ஜெம்மா வந்துட்டா. பார்க்குல வேலை பாக்கறவ. அவளையே கேப்போம்”னான் க்ளென். தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளை மாவு. வீடுகளுக்கு உள்கூரை பூசறவன், குளிச்சாலும் அது போகாது. “நீ சொல்லு ஜெம்மா. பதிமூணு வயசுப் பொண்ணக் கூட்டிட்டுப் போயி ஊஞ்சல் முன்னாடி நிறுத்தினா அவ என்ன நினைப்பா?”

“ரெண்டு வயசுப் புள்ளையக் கூட்டிட்டுப் போயி கயித்தப் புடிச்சுப் பாறை ஏறச் சொன்னா அது என்ன நினைக்கும்? அதையும் சேத்துக் கேளு”ன்னா ரொவீனா.

“அதுக்குத்தான் சொல்றேன். நானும் இமோஜெனும் மலை ஏறிட்டு வர்றோம். நீ பசங்கள வெச்சுக்கிட்டுக் கீழ பார்க்குல இரு.”

“ஆக, உன் பொண்ணு மேல. என் பசங்க கீழ.”

“பிப் எனக்கும் பொண்ணுதான்!”

“அப்ப நீயே தூக்கிட்டு ஏறு.”

“மெதுவாப் பேசு. அவ உள்ளதான் இருக்கா.”

“நான் மெதுவாத்தான் பேசறேன். நீதான் ‘மெதுவா’ங்கறதையே கத்திச் சொல்ற.”

உள்ளன்னா அந்தச் சின்ன ரூம். கதவு சாத்தியிருந்துச்சு. இமோஜென் காதுல ஹெட்ஃபோன மாட்டிக்கிட்டு இருப்பா. பாட்டு ஓடுதா, இல்ல சும்மா மாட்டியிருக்காளான்னு யாருக்கும் தெரியாது.

விஷயம் இதான். ரெண்டு வயசு பிப் இவங்க ரெண்டு பேருக்கும் பொறந்தது, ஏழு வயசு ஆர்லோ ரொவீனா கூட்டிட்டு வந்த பையன். இமோஜென் க்ளெனோட மொதல் கல்யாணத்துப் பொண்ணு. டூவூம்பாங்கற ஊர்ல அம்மாகூட இருக்கா. அந்தம்மாவுக்கு இப்ப பெர்த்ல வேலை கெடைச்சிருச்சு. பெர்த்ங்கறது பக்கமா என்ன, ஆஸ்திரேலியாவோட இந்தக் கரைலேருந்து அந்தக் கரை. ‘கூட வர்றியா, இல்ல அப்பாகிட்ட இருந்து அங்க பள்ளிக்கூடம் சேர்றியா, நீயே முடிவு பண்ணு’ன்னு சொல்லிட்டாங்க. பாத்துட்டு முடிவு சொல்றேன்னு கோடை லீவுக்கு, எங்களுக்கு அது ஜனவரி, இங்க வந்திருக்கா. வந்து ஒரு வாரம் ஆச்சு. வாயத் திறந்தா மூணே மூணு வார்த்தைதான். நன்றி. பரவாயில்ல. எதுனாலும் சரி.

“சண்டை போட்டாக்கூடத் தாங்கிக்குவேன்”னு ரொவீனா என்கிட்டத் தனியா சொன்னா. அவ முதியோர் இல்லத்துச் சமையல்கட்டுல வேலை. “எங்க தாத்தா பாட்டிங்க பல்லே இல்லாம என்னைத் திட்டுவாங்க, சூப்புல உப்பு இல்லன்னு கரண்டிய வீசுவாங்க. அது எனக்குப் பழக்கம். இந்தப் பொண்ணு தட்டக் கழுவி, தொடைச்சு, எடுத்த எடத்துலயே வெச்சுட்டுப் போறா ஜெம்மா. எனக்கு பயமா இருக்கு.”

க்ளென் என்ன நம்பறான்னா, ஞாயித்துக்கிழமை ஒரு நல்ல நடை போயிட்டு வந்தா எல்லாம் சரியாயிடும்னு. சிரிக்காதீங்க, எங்க ஊர்ல அப்படித்தான். கல்யாணம் பேசணுமா, முறிக்கணுமா, வேலை போச்சா, “சரி வா, ஒரு நடை போயிட்டு வரலாம்”பாங்க. ரெண்டு பேருக்கும் ஒண்ணா லீவு கெடைச்சதே அந்த ஒரு ஞாயிறுதான். அவ முடிவு சொல்றதுக்கு முன்னாடி எல்லாரும் சேந்து போற ஒரே நடையும் அதான். அத மேல பாதி கீழ பாதின்னு பிரிச்சா எப்படி?

“ரெண்டும் வேணாம். பெலிகன் ஓடை”ன்னேன்.

ரெண்டு பேரும் ஒண்ணா என்னப் பாத்தாங்க. அன்னைக்கு அவங்க ஒத்துப்போன மொதல் விஷயம் அந்த மொறைப்புதான்.

“அது கொசு ஓடையாச்சே”ன்னான் க்ளென்.

“காத்து அடிச்சாக் கொசு இருக்காது. கேளுங்க சொல்றேன்.”

இதப் பத்திப் பேச ஆரம்பிச்சா எனக்கு நிறுத்தத் தெரியாது, முன்னாடியே சொல்லிட்டேன். நான் நகராட்சிப் பூங்கா வண்டில போறவ. ஊஞ்சல் சங்கிலியை இழுத்துப் பாக்கறது, வர்றவங்க கறி சுடற பார்பிக்யூ தட்டுல கருகிக் கெடக்கறதச் சுரண்டறது, சறுக்குமரத்துக்கு அடியில கண்ணாடிச் சில்லு பொறுக்கறது, இதான் என் பொழப்பு. ஊஞ்சலுக்கு அடியில குழந்தைங்க காலால தேய்ச்சுத் தேய்ச்சுக் குழியாக்கிருவாங்க. நான் மரப்பட்டைத் தூள வாரி ரொப்பிட்டு வருவேன். மறுநாள் காட்டு வான்கோழி வந்து அந்தத் தூள் மொத்தத்தையும் பொறத்தால பரக் பரக்னு தள்ளி, தனக்கு ஒரு மேடு கட்டியிருக்கும். சம்பளம் வாங்காம என்னை விட நல்லா வேலை செய்யற ஜீவன் அது.

இத்தன பார்க்க வாரினதுல ஒண்ணு மட்டும் புரிஞ்சுக்கிட்டேன். ரெண்டு வயசுக்கு நடைன்னு ஒண்ணு கெடையாது, நிக்கறதுதான் உண்டு. ஒரு குட்டை கெடைச்சாப் போதும், மத்தியானம் வரைக்கும் அதுலயே நிக்கும். எந்த மலை உச்சியும் அதுக்கு வேணாம். ஏழு வயசு ஆர்லோ மாதிரி ஆளுக்கு ‘ஏறாத, விழுந்துருவ’ன்னு யாராவது சொல்லணும், ஆனா விழக்கூடாது, அந்த மாதிரி ஒசரம் வேணும். பதிமூணுதான் கஷ்டம். பதிமூணுக்கு யாரும் பாக்காத எடம் வேணும், ஆனா தொலைஞ்சு போயிட்டா தேடி வருவாங்கன்னு தெரிஞ்சிருக்கணும். இந்த மூணும் ஒரே பாதைல இருந்தா அதான் குடும்பப் பாதை. போர்டுல ‘குடும்பங்களுக்கு ஏத்தது’ன்னு எழுதி, பக்கத்துல சிரிக்கற கோலா படம் போட்டா ஆயிடாது.

“பெலிகன் ஓடைல மொதல்ல சமமான பாதை. பிராம் வழுக்கிட்டுப் போகும்”னேன். “நெழல். அப்புறம் சேத்துல நிக்கற அலையாத்தி மேங்ரோவ் காட்டுக்கு மேல பலகைப் பாலம். முடிவுல ஓடை கடல்ல சேர்ற எடம். கடல் உள்வாங்கித் தண்ணி வத்தினா கணுக்கால் அளவுதான், தாண்டினா அந்தப் பக்கம் மணல் திட்டு, பாறை, கடல். பிப்புக்கு நண்டு, ஆர்லோவுக்குச் சின்னப் பாறை, இமோஜெனுக்குப் பெரிய பாறை. எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் கூப்பிடு தூரம்.”

ரொவீனா யோசிச்சா. “தண்ணி வத்தற நேரம் பாத்துப் போகணும். நான் விசாரிக்கறேன்.”

அவ விசாரிச்சா. அங்கதான் வந்துச்சு வினை.

எங்க தெருவுக்கு அடுத்த தெரு குவீன்ஸ்லாந்து, வேற மாநிலம். கோடைல நியூ சவுத் வேல்ஸ்காரங்க நாங்க கடிகாரத்த ஒரு மணி நேரம் முன்னாடி தள்ளி வெப்போம். அவங்க தள்ள மாட்டாங்க. அதனால ரோட்டத் தாண்டினா மணி மாறிடும். ஃபோன நம்பவே முடியாது, எங்க வீட்டு ஹால்ல ஒரு மணி காட்டும், பாத்ரூம்ல ஒரு மணி காட்டும், எந்தப் பக்க டவர் கெடைக்குதோ அது. புது வருசத்த ரெண்டு தடவ கொண்டாடற ஒரே ஊரு நாங்கதான்னு பீத்திக்குவோம். ஆனா பல் டாக்டர்கிட்ட ஒழுங்கான நேரத்துக்குப் போன ஆள் ஒருத்தரக் காட்டுங்க பாப்போம். எங்க பக்கத்து மணி முந்தி மணி, அவங்களது பிந்தி மணி. க்ளென் வேலை பாக்கறது அந்தப் பக்கம், ரொவீனா இந்தப் பக்கம். சமையல்கட்டுல ரெண்டு கடிகாரம் மாட்டியிருக்கும்.

ரொவீனா ரோட்டத் தாண்டி, தூண்டில் இரை விக்கற கடைல கேட்டிருக்கா. கடைக்காரம்மா அவங்க மணில பத்துக்கு வத்தும்னு சொல்லியிருக்கு. ரொவீனா புத்திசாலி, ஒண்ணு கூட்டி நம்ம மணில பதினொண்ணுன்னு க்ளென்கிட்ட சொல்லிட்டா. க்ளெனும் புத்திசாலி. இரைக் கடை அந்தப் பக்கம்தானே, இவ மாத்தாம அப்படியே சொல்றான்னு நெனச்சு, இன்னொரு ஒண்ணு கூட்டிட்டான். ஒருத்தருக்கொருத்தர் ஒண்ணும் சொல்லிக்கல. ரெண்டு புத்திசாலிங்க ஒரே வீட்டுல இருந்தா வீடு ஒரு மணி நேரம் லேட்டாத்தான் கெளம்பும்.

ஞாயித்துக்கிழமை நல்ல புழுக்கம். சட்டை முதுகுல ஒட்டிக்கிச்சு. நேரம் பாக்கறத க்ளென்கிட்ட விட்டுட்டு ரொவீனா பசங்களக் கெளப்பறதுலயே இருந்தா. க்ளென்தான் காரோட்டினான், ‘அவசரமே இல்ல, நெறைய நேரம் இருக்கு’ன்னு தர்பூசணியக் கூட நிதானமா நறுக்கி எடுத்துட்டு வந்தான். ஐஸ் பெட்டியத் தூக்க நானும் ஒட்டிக்கிட்டேன்.

கார விட்டு எறங்கினதும் ரொவீனா எல்லாருக்கும் சன்ஸ்கிரீன் தேய்ச்சா. ஆர்லோவப் புடிச்சு மூஞ்சில அப்பினா, அவன் கத்தினான். பிப்புக்கு அப்பினா, அது நக்கிப் பாத்துச்சு. இமோஜென்கிட்ட வந்ததும் டியூப நீட்டி, “நீயே போட்டுக்கறியாம்மா? இல்ல நான் போடட்டுமா? உனக்கு எது வசதியோ”ன்னா.

“நன்றி. நானே போட்டுக்கறேன்.”

தாளாட்டம் பட்டை உரியற பேப்பர்பார்க் மரத்து நெழல்ல பாதை சும்மா மெத்து மெத்துன்னு இருந்துச்சு. மரமெல்லாம் தோலு உரிஞ்சு தொங்குது, ஆர்லோ போற வழில ஒவ்வொண்ணையும் உரிச்சுக்கிட்டே வந்தான். க்ளென் பத்தடிக்கு ஒரு தடவ திரும்பிப் பாத்து, “நல்லாருக்கா இம்மி?”ங்கறான்.

“நல்லாருக்குப்பா.”

“கால் வலிக்குதா?”

“இல்லப்பா.”

“மலைக்குப் போயிருந்தா இன்னும் நல்லாருந்திருக்கும், இல்ல?”

“எதுனாலும் சரிப்பா.”

ரொவீனா பிராமத் தள்ளிட்டு வந்து அவன் குதிகால்ல ஒரு இடி விட்டா. தெரியாம இடிச்சது இல்ல அது.

பலகைப் பாலத்துல போறப்ப ஆர்லோ திடீர்னு கேட்டுட்டான். “இமோஜென், நீ பெர்த்துக்குப் போறியா?”

எல்லாரும் சேத்துல கெடக்கற மேங்ரோவ் வேரு என்னமோ தங்கத்துல பண்ணினது மாதிரி அதையே உத்துப் பாத்தோம்.

“தெரியல”ன்னா அவ.

“போனா அந்த ரூம் எனக்கு வந்துருமா?”

“ஆர்லோ!”ன்னா ரொவீனா.

“என்ன, கேக்கக் கூடாதா? எனக்குத் தெரிய வேணாமா? போஸ்டர் ஒட்டணும்ல!”

இமோஜென் உதடு லேசா ஆடுச்சு. சிரிப்பான்னு பாத்தேன், அதுக்குள்ள மூடிக்கிச்சு.

ஓடைல தண்ணி கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலதான் இருந்துச்சு. பிராம நானும் க்ளெனும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டு ஈஸியா தாண்டிட்டோம். அந்தப் பக்கம் ஈர மணல் பூரா சிப்பாய் நண்டு. கோலிகுண்டு சைஸ்ல நீலமா இருக்கும். மத்த நண்டு மாதிரி பக்கவாட்டுல போகாது, பட்டாளம் கணக்கா நேரா நடக்கும். ஆயிரம் ரெண்டாயிரம் ஒண்ணாப் போறப்ப மணலே நகர்ற மாதிரி இருக்கும். பிப் அதுக்கு நடுவுல பொத்துனு உக்காந்து “போ! போ!”ன்னு அதுங்களுக்கு ஆர்டர் போட்டுச்சு. நண்டுங்க கேட்டுக்கல, ஆனா பிப்புக்கு அதப் பத்திக் கவல இல்ல. ஆர்லோ சின்னப் பாறைல ஏறி, “நான் விழப்போறேன், எல்லாரும் பாருங்க”ன்னான். இமோஜென் செருப்பக் கழட்டிக் கையில எடுத்துக்கிட்டு, பெரிய பாறைக்குப் பின்னாடி போனா. கொஞ்ச நேரத்துல உச்சில அவ தொப்பி தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல.

“பாத்தியா?”ன்னேன் நான் ரொவீனாகிட்ட. “நான் சொன்ன மாதிரியே மூணு பேரும் அவங்கவங்க எடத்துல.”

“பெரிய இவ”ன்னு சொல்லிட்டு, ஒரு தர்பூசணித் துண்ட என் வாயில திணிச்சா. வந்ததுலேருந்து அவ மொதத் தடவையா காலை நீட்டி உக்காந்தது அப்பதான்.

எவ்வளவு நேரம் இருந்தோம்னு தெரியல. வடகெழக்குக் காத்து வந்துச்சு, புழுக்கம் போச்சு, கண்ணு சொக்கிச்சு. நான் சும்மா திரும்பி ஓடையப் பாத்தேன். வர்றப்ப மேங்ரோவோட மூச்சு வேரெல்லாம் சேத்துல ஆணி அடிச்ச மாதிரி நட்டுக்கிட்டு நின்னுச்சு. இப்ப ஒண்ணையும் காணோம்.

“க்ளென், தண்ணி ஏறுது”ன்னேன்.

“இருக்காது. இப்பதானே வத்தியிருக்கும்.”

“பதினோரு மணிக்கு வத்தும்னு சொன்னேனே”ன்னா ரொவீனா.

“அது பிந்தி மணி பதினொண்ணு. நான் ஒண்ணு கூட்டிக்கிட்டேன்.”

“எதுக்குக் கூட்டின? நான்தான் கூட்டிச் சொன்னேனே!”

“நீ கூட்டினேன்னு எங்க சொன்ன?”

“உனக்கு சொன்னது சமையல்கட்டுல நின்னு. சமையல்கட்டுல நின்னா முந்தி மணிதான்!”

“ரெண்டு கடிகாரமும் சமையல்கட்டுலதான் இருக்கு!”

நான் குறுக்க புகுந்து, “சண்டைய அந்தக் கரைல வெச்சுக்கலாம்”னேன். மேற்கால மலைப்பக்கம் மேகம் வேற கத்திரிக்கா கலர்ல கட்டிக்கிட்டு வருது. இடி மழை வந்தா மணல் திட்டுல ஒதுங்க ஒரு எலை கூடக் கெடையாது. இந்தப் பக்கம் சுத்திப் போக வழியும் கெடையாது, அடுத்த வத்தலுக்கு உக்காந்திருந்தா இருட்டிடும். தாண்டினா இப்ப தாண்டணும்.

க்ளென் மொதல்ல தனியா எறங்கிப் போய்ப் பாத்துட்டு வந்தான். நடுவுல தொடை வரைக்கும் தண்ணி. இழுப்பு இல்ல, தரையும் கெட்டி மணல். போலாம், ஆனா உடனே போகணும்.

இமோஜெனக் காணோம்.

“இம்மி!”ன்னு க்ளென் கூப்பிட்டான். காத்து அவன் கொரல வேற பக்கம் அடிச்சுட்டுப் போயிருச்சு. மறுபடி கூப்பிட்டான். ஒண்ணும் இல்ல. அவன் மூஞ்சி மாவு இல்லாமலே வெளுத்துப் போச்சு.

அப்ப ரொவீனா எந்திரிச்சா. முதியோர் இல்லத்துல காது கேக்காத முப்பது பேர சாப்பாட்டுக்குக் கூப்பிடற கொரல் அது, அத நான் அதுக்கு முன்னாடி கேட்டதில்ல. “ஏய் இமோஜென்! எறங்கி வாடீ கீழ!”

பாறைக்கு மேல தொப்பி எட்டிப் பாத்துச்சு.

“வேடிக்கையா பாக்கற? ஓடி வா! எத்தன தடவ கூப்பிடறது, காத எங்க அடகு வெச்சிருக்க? ஆர்லோ, நண்ட பாக்கெட்ல போடாத! இமோஜென், அந்தச் செருப்ப மாட்டு, பாறை கிழிச்சிரும். கண்ணு என்ன பொடனிலயா இருக்கு, தண்ணி ஏறறது தெரியல? வந்து பிப்பத் தூக்கு. ஒரு கையால இல்லடீ, ரெண்டு கையால!”

எறங்கி வந்தவ மூச்சு வாங்கிக்கிட்டு நின்னா. மூஞ்சி செக்கச் செவேல்னு இருந்துச்சு. க்ளென் என் பக்கத்துல “போச்சு, எல்லாம் போச்சு”ன்னு முணுமுணுக்கறான்.

“என்னை எதுக்குத் திட்டறீங்க?”ன்னா இமோஜென். மொதல்ல சின்னதாத்தான் சொன்னா. அப்புறம் கத்தினா. “ரெண்டு பேருக்கும் மணி பாக்கத் தெரியாது, திட்டு எனக்கா? டூவூம்பால மூணு வயசுக் கொழந்தைக்குக் கூட மணி தெரியும்! ஒரு வீட்டுல ரெண்டு கடிகாரம், ரெண்டும் தப்பு! மேல உக்காந்து நான் கொஞ்ச நேரம் நிம்மதியா இருந்தேன், அது பொறுக்கலையா? ‘நல்லாருக்கா இம்மி, நல்லாருக்கா இம்மி’ன்னு ஒரு வாரமா உயிர எடுக்கறாங்க, இப்பதான் நெசமாவே நல்லாருந்துச்சு!”

நண்டுங்க கூட எல்லாம் மணலுக்குள்ள போயிருச்சு.

“சரி”ன்னா ரொவீனா. “திட்டினது போதும்னா பிப்பத் தூக்கு. மீதிய அந்தக் கரைல திட்டு.”

“தூக்கறேன். ஆனா அது என் முடியப் புடிச்சு இழுக்கும்.”

“இழுக்கத்தான் செய்யும். எனக்கு முடியே பாதி அப்படித்தான் போச்சு. தோள் மேல வை.”

தாண்டினோம். க்ளென் தோள்ல ஆர்லோ, “நான் கப்பல் கேப்டன்”னு கத்திக்கிட்டே. பிராம மடிச்சு, ஐஸ் பெட்டியோட சேத்து நான் தலைக்கு மேல தூக்கிக்கிட்டுப் போனேன். கை கழண்டு போச்சு, ஆனா சுட வெச்சிருந்த கறி சாஸேஜ் ஒண்ணு கூட நனையல. எனக்கு முன்னாடி இமோஜென், தோள்ல பிப். பிப் ரெண்டு கையாலயும் அவ முடிய லகான் மாதிரி புடிச்சுக்கிட்டு “போ! போ!”ன்னு நண்டுக்குப் போட்ட அதே ஆர்டர அவளுக்குப் போட்டுச்சு. ரொவீனா இமோஜென் முழங்கையக் கெட்டியா புடிச்சிருந்தா. நடுவுல தண்ணி தொடைக்கு வந்தப்ப ரெண்டு பேரும் நின்னாங்க. “பயமா?”ன்னா ரொவீனா. “உங்களுக்கு?”ன்னா அவ. “ஆமா”ன்னா ரொவீனா. “எனக்கும்”னா அவ. நடந்தாங்க.

கரையேறினதும் யாரு மொதல்ல சிரிச்சாங்கன்னு தெரியல. ஆர்லோன்னு நெனைக்கறேன், ஏன்னா அவன் பாக்கெட்லேருந்து ஒரு நண்டு நடந்து வெளிய வந்துச்சு.

மழை எங்கள ஏமாத்திட்டு வடக்கால போயிருச்சு. பார்க்குல பார்பிக்யூ தட்டப் பத்த வெச்சோம். நான்தான் அந்தத் தட்டச் சுரண்டறவ, அதனால எந்த மூலை நல்லா சுடும்னு எனக்குத் தெரியும்னு சொன்னேன், க்ளென் கேக்கல. வெங்காயத்த ஒரு பக்கம் தீய்ச்சான், சாஸேஜ இன்னொரு பக்கம் தீய்ச்சான். ரொட்டில மடிச்சு ஆளுக்கு ஒண்ணு குடுத்தான்.

இமோஜென் ஒரு கடி கடிச்சா. “இது கருகிருச்சு. எனக்கு இது வேணாம். வேற குடுப்பா.”

க்ளென் அவளயே பாத்துக்கிட்டு நின்னான். எனக்குப் பரிசு கெடைச்சிருந்தா கூட அப்படிச் சிரிச்சிருக்க மாட்டேன். “வேற வேணுமா? இரு, இரு, இதோ!”ன்னு மூணு சாஸேஜ ஒரே நேரத்துல தட்டுல போட்டான். அந்த அவசரத்துல பின்னாடி ஒரு காட்டு வான்கோழி வந்து மொத்த ரொட்டிப் பொட்டலத்தையும் கவ்விக்கிட்டு, பரபரன்னு புதருக்குள்ள ஓடுச்சு. ஆர்லோ தொரத்தினான், பிப் ஆர்லோவத் தொரத்துச்சு.

“உங்க பார்க்கு சுமார்தான்”னு இமோஜென் என்கிட்ட சொன்னா, வெறும் சாஸேஜக் கையில புடிச்சுக்கிட்டு. ஈர முடியெல்லாம் ஒரு பக்கமா பிப் இழுத்த மாதிரியே நிக்குது. “பெரிய பாறைல நடுவுல நல்லா இருந்துச்சு. மத்தபடி சுமார்.”

“ஏய், நான் எவ்வளவு யோசிச்சுத் தேர்ந்தெடுத்தேன் தெரியுமா?”

“உச்சிலேருந்து தெக்க ஒரு முனை தெரிஞ்சுது. அதுல ஒரு பாதை ஏறிப் போகுது. அது என்ன?”

“அது திமிங்கல முனை. செங்குத்துப் படி. மேல ஒரு பெஞ்சு, நான்தான் போன வருசம் வார்னிஷ் அடிச்சேன். அங்க உக்காந்தா திமிங்கலம் போறது தெரியும்.”

“இப்ப தெரியுமா?”

“இப்ப இல்ல. குளிருக்குத்தான் வரும். ஜூன்ல.”

அவ ஒரு கடி கடிச்சு, மென்னு, முழுங்கிட்டுச் சொன்னா. “அப்ப ஜூன்ல போலாம். அதுக்குள்ள பிப் படி ஏறப் பழகிரும்.”

ரொவீனா கையில இருந்த இடுக்கி அப்படியே அந்தரத்துல நின்னுச்சு. க்ளென் வாயத் தொறந்தான். பெர்த்துக்குப் போறவளுக்கு ஜூன் மாசம் இங்க என்ன வேலைன்னு அவன் மண்டைல அப்பதான் ஏறியிருக்கு. ரொவீனா அவன் கால ஓங்கி ஒரு மிதி மிதிச்சா. அவன் வாய மூடிக்கிட்டான்.

“படி நெறைய இருக்கும்டீ”ன்னா ரொவீனா, சாஸேஜத் திருப்பிப் போட்டுக்கிட்டே, ஒண்ணுமே நடக்காத மாதிரி. “பாதில அவ உக்காந்துருவா. யாரு தூக்கறது?”

“நான் தூக்க மாட்டேன். இன்னைக்கே கழுத்து போச்சு.”

“அப்ப?”

“அப்பா தூக்கட்டும். மணி தப்பா சொன்னதுக்கு.”

“அப்ப உன் ரூம் எனக்குக் கெடைக்காதா?”ன்னு ஆர்லோ புதருக்குள்ள இருந்து கத்தினான். அவனுக்குத்தான் எல்லாருக்கும் முன்னாடி புரிஞ்சிருக்கு.

“கெடைக்காது”ன்னா இமோஜென். “நீ போஸ்டர வேணா கொண்டா, பாக்கறேன். நல்லாருந்தா ஒட்டலாம்.”

அன்னைக்கு சாயங்காலமே அவ அம்மாவுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டா. அழுதாங்களாம் ரெண்டு பேரும். அப்புறம் லீவுக்கு லீவு பெர்த்துக்கு வர்றேன்னு பேசி முடிச்சாங்களாம். கதவு தொறந்தே இருந்துச்சு, அதனால எனக்குத் தெரியும்.

இப்ப எங்க சண்டை என்னன்னா, அந்த முனைக்கு ரெண்டு வழி இருக்கு. முன்பக்கம் அந்தப் படி, செங்குத்து, ஆனா சீக்கிரம் போயிடலாம், போற வழி பூரா கடல் தெரியும். பின்பக்கம் சரிவுப் பாதை, சுத்தோ சுத்துன்னு சுத்தும், பிராம் போகும், ஆனா பாதி தூரத்துக்குப் புதரத் தவிர ஒண்ணும் தெரியாது. ஆர்லோ ‘எப்ப வரும் எப்ப வரும்’னே உசிர எடுத்துருவான். ரொவீனா சரிவுதாங்கறா. இமோஜென் ஒரே புடியா படிங்கறா. க்ளென் ‘எதுனாலும் சரி’ங்கறான், அதுக்கு ரெண்டு பேருகிட்டயும் திட்டு வாங்கறான். நான் என்ன சொல்றேன்னா, ஏறறப்ப எல்லாரும் ஒண்ணா படி, படிக்கட்டு திரும்பற எடத்துல எல்லாம் பிப்புக்கு ஒரு திராட்சை, எறங்கறப்ப சரிவு. அப்ப பிப்புக்கு ரெண்டரை தாண்டியிருக்கும், ஏறும்னு எனக்கு நம்பிக்கை இருக்கு. உங்க வீட்டுலயும் சின்னதும் பெருசுமா இருக்கும்ல, கூட்டிட்டுப் போயிருப்பீங்கள்ல? நீங்க சொல்லுங்க, படியா, சரிவா?